மறதி நோய் உள்ள வீட்டில் பராமரிப்பவரையும் பிள்ளைகளையும் காப்பது எப்படி?

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் வந்த பாட்டியை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களில், பெரும்பாலும் மருமகளோ மகளோ ஒருவரே சுமை முழுவதையும் தாங்குகிறார். அவருக்குத் தூக்கம் கெடுவதையும் எரிச்சல் கூடுவதையும் மற்றவர்களுக்கு முன்பே உணர்ந்துவிடுபவர்கள் அந்த வீட்டுப் பிள்ளைகள். ஆகவே பராமரிப்பவர், பிள்ளைகள் ஆகிய இரு தரப்பினரின் மனநலத்தையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

முதலில், யார் எந்த வேலையைச் செய்கிறார் என்பதை இரவு நேரம் உட்பட ஒரு தாளில் எழுதுங்கள். எழுதிப் பார்க்கும்வரை, குளிப்பாட்டுவதும் மாத்திரை கொடுப்பதும் நள்ளிரவில் கதவைத் திறக்க முயல்பவரைத் திரும்பப் படுக்கவைப்பதும் ஒருவர் தலையிலேயே விழுவது மற்றவர்களுக்குத் தெரிவதில்லை. இந்நோய் உள்ள பலருக்கு மாலையில் பதற்றமும் குழப்பமும் அதிகரிக்கும். பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பி அம்மாவைத் தேடும் நேரமும் அதுவே. வீட்டுக்கு வேறொருவரின் உதவி சில மணி நேரம்தான் கிடைக்கும் என்றால், அதை இந்த நேரத்துக்கே ஒதுக்குங்கள். வெளியூரில் இருக்கும் உடன்பிறந்தோர் தொலைபேசியில் குறை சொல்வதால் பயனில்லை. பகல்நேர உதவியாளரின் சம்பளத்தை ஏற்கலாம், அல்லது விடுப்பெடுத்து வந்து பொறுப்பை முழுமையாகத் தாங்களே ஏற்று, பராமரிப்பவரை ஓய்வுக்கு அனுப்பலாம்.

பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். "பாட்டியின் மூளையில் நோய் வந்திருக்கிறது, உன் பெயரை மறப்பதும் கோபப்படுவதும் அதனால்தான், நீ எந்தத் தப்பும் செய்யவில்லை, இது உனக்குத் தொற்றாது" என்பதே சிறு குழந்தைக்குப் போதும். ஆனால் குழந்தை இதைப் பற்றி மறுபடியும் கேட்டால் மறுபடியும் பொறுமையாகச் சொல்ல வேண்டும். பாட்டியோடு பழைய படங்களைப் பார்ப்பது, பாட்டுக் கேட்பது போன்றவற்றில் பிள்ளையைச் சேர்க்கலாம். பாட்டிக்குக் காவலாக உட்கார வைப்பதும், பெரியவர்களின் சண்டைக்குத் தூது அனுப்புவதும் கூடாது. காரணமில்லாத வயிற்றுவலி, பள்ளிக்குப் போக மறுப்பது, நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குவது ஆகியவற்றைப் பலரும் கவனிப்பார்கள்; திடீரென மிகவும் அடக்கமாகிவிட்ட பிள்ளையையும் அவ்வாறே கவனியுங்கள், ஏனெனில் அம்மாவுக்குப் பாரமாகக் கூடாது என்று அது தன் துயரத்தை மறைத்துக்கொண்டிருக்கலாம்.

பராமரிப்பவருக்கு இரண்டு வாரங்களுக்கு மேல் சோர்வும் அழுகையும் நீடித்தாலோ, வாய்ப்புக் கிடைத்தும் தூக்கம் வராவிட்டாலோ, மருத்துவரைப் பார்க்க வேண்டும். 2022இல் தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்; முதியோர் தொடர்பான உதவிக்கு 14567. முதியவரை அடித்துவிடுவோமோ என்ற எண்ணம் எழுந்தால், அவரைப் பாதுகாப்பாக அமரவைத்து அறையைவிட்டு வெளியே வந்து, உடனே வேறொருவரை அழையுங்கள்.