.22 ரைஃபிளை எத்தனை தோட்டாவுக்கு ஒரு முறை சுத்தம் செய்வது?

வேலூர்ப் பக்கம் யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில் "சுட்ட அன்றைக்கே குழலைத் தேய்த்துவிடு" என்பதுதான். கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் போன ஊர்கள் உள்ள வட்டாரம் இது. அந்தப் பழக்கம் .303 என்னும் பழைய ராணுவ ரைஃபிள் காலத்தில் வந்தது. அன்றைய தோட்டாக்களின் பிரைமரில், அதாவது அடி விழுந்ததும் பற்றி மருந்தைக் கொளுத்தும் கலவையில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பிறகு குழலுக்குள் உப்பு படியும், அந்த உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், ஓரிரு நாளில் துரு பிடித்துவிடும். வெந்நீர் ஊற்றிக் கழுவச் சொன்னதும் அதனால்தான். கருமருந்து போட்டுச் சுடும் நாட்டுத் துப்பாக்கிக்கும் இதே நிலைதான்.

இன்று கடையில் கிடைக்கும் .22 எல்.ஆர் (லாங் ரைஃபிள்) தோட்டாவில் அந்த உப்பு கிடையாது. அதனால் .303 விதியை இதற்குப் போடாதீர்கள். சுட்டுச் சுட்டுத் தேய்ந்த .22 குழல்களைவிட, தப்பாகத் தேய்த்துக் கெட்ட குழல்கள்தான் அதிகம்.

எதை, எப்போது

ரைஃபிளை ஒரே பொருளாக நினைக்காமல் மூன்று இடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

போல்ட்டும் (தோட்டாவைத் தள்ளிப் பின்பக்கத்தை மூடும் இரும்புத் துண்டு) வெளிப்புறமும்: ஒவ்வொரு முறை சுட்ட பிறகும். ஐந்து நிமிட வேலை, இதில் சோம்பல் கூடாது.

சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்): 200 முதல் 300 தோட்டாவுக்கு ஒரு முறை. மேட்ச் (போட்டி) ரைஃபிள்களில் சேம்பர் இறுக்கமாக இருக்கும், தோட்டாவின் ஈயமுனை குழலுக்குள் இருக்கும் சுருள் மரையைத் தொட்டபடியே உட்காரும். அங்கே கொஞ்சம் கரி சேர்ந்தாலும் போல்ட் மூடும்போது கைக்குத் தெரியும்.

குழல்: மேட்ச் ரைஃபிளுக்கு 400, 500 தோட்டாவுக்கு ஒரு முறை. இஷாபூர் தொழிற்சாலை .22, பழைய பி.எஸ்.ஏ, பிர்னோ போன்ற சாதாரண ரைஃபிள்களுக்கு 500 முதல் 1000 வரை தள்ளலாம். இந்த எண்ணிக்கை ஒரு தொடக்கம் மட்டுமே. 50 மீட்டரில் வழக்கமாக வரும் குரூப் (இலக்கில் குண்டுகள் சேர்ந்து விழும் பரப்பு) காரணமில்லாமல் விரிந்தால், எண்ணிக்கை நிறையாவிட்டாலும் சுத்தம் செய்யுங்கள். குரூப் நன்றாக விழுந்துகொண்டிருந்தால் 500 தாண்டினாலும் குழலைத் தொடாதீர்கள். சுட்ட எண்ணிக்கையையும் குரூப் அளவையும் ஒரு சின்ன நோட்டில் குறித்துவந்தால், மூன்று நான்கு மாதத்தில் உங்கள் ரைஃபிளின் கணக்கு உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

போட்டிக்கு முந்தின நாள் குழலைப் பளபளவென்று ஆக்கி எடுத்துப்போவது புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. .22 தோட்டாவின் ஈயத்தின் மேல் மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும். அந்தப் பூச்சு குழல் முழுக்கச் சீராகப் படிந்த பிறகுதான் குரூப் நிலைக்கும். சுத்தம் செய்த குழலுக்கு 10 முதல் 20 தோட்டா வரை இதற்கே செலவாகும். தோட்டா பிராண்டை எலி (Eley)-யிலிருந்து லாபுவாவுக்கோ எஸ்.கே-க்கோ மாற்றும்போதும் இப்படித்தான், ஒவ்வொன்றின் பூச்சும் வேறு.

உள்ளே சேர்வது என்ன

தோட்டாவில் இருக்கும் மருந்து சுமார் 0.1 கிராம். ஈயக்குண்டு 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். செம்பு உறை கிடையாது. அதனால் குழலில் செம்பு படிவதில்லை. செம்பைக் கரைக்க விற்கும் அமோனியா திரவம் உங்களுக்குத் தேவையே இல்லை. சேர்வது மூன்று: மெழுகு, ஈயம், கரி. மெழுகு நல்லது. ஈயம் அளவோடு இருந்தால் தொந்தரவில்லை. தொந்தரவு கரியால்தான். வெற்றுத் தோட்டாவின் வாய் முடியும் இடத்தில், சேம்பருக்குச் சற்று முன்னால், அது வளையமாக இறுகிக்கொள்ளும். நாளாக ஆகக் கல் மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. .22-இன் பிரைமர் கலவை தோட்டாவின் விளிம்புக்குள் இருக்கிறது. போல்ட்டின் ஊசி அடித்ததும் உராய்ந்து பற்றுவதற்காக அந்தக் கலவையில் பொடித்த கண்ணாடி சேர்ப்பது வழக்கம். சுட்ட பிறகு அந்தப் பொடி சேம்பர் பக்கம்தான் கிடக்கும். உலர்ந்த பிரஷ்ஷை எடுத்த எடுப்பில் விட்டால் அந்தப் பொடியைக் குழல் நெடுக இழுத்துக்கொண்டு போவீர்கள். முதலில் நனைத்த துணி, பிறகுதான் பிரஷ் என்று சொல்வது இதற்காகத்தான்.

தேவையான சாமான்

- .22 அளவுக்கான ஒரே துண்டு ராடு, பிளாஸ்டிக் பூச்சுள்ளது அல்லது கார்பன் ஃபைபர். கைப்பிடி தானாகச் சுழல வேண்டும். மூன்று துண்டாகத் திருகும் அலுமினிய ராடு வேண்டாம். அதன் மூட்டுகள் மரையை உரசும், மென்மையான அலுமினியத்தில் மண் பதிந்து அரம் போல அறுக்கும்.
- போர் கைடு. போல்ட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் செருகும் குழாய். ராடு நடுவாகப் போக உதவும்.
- ராடின் நுனியில் துணியைப் பிடிக்கும் ஜேக் என்னும் முனை, வெண்கலப் பிரஷ் ஒன்று, நைலான் பிரஷ் ஒன்று. ஸ்டீல் கம்பிப் பிரஷ் கூடவே கூடாது.
- துணி. துவைத்த பழைய வெள்ளை பனியன் போதும். ஒரு அங்குலச் சதுரமாக வெட்டி, ஜேக்கில் வைத்து அழுத்தும்போது லேசான இறுக்கம் இருக்கும்படி சரிசெய்துகொள்ளுங்கள்.
- ஹாப்பீஸ் 9 போன்ற கரைப்பான், நல்ல துப்பாக்கி எண்ணெய். அது கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மார்கழிக் குளிரில் உறைந்து போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும்.
- நைட்ரைல் கையுறை, பழைய டூத் பிரஷ், பல்குச்சி.

செய்முறை

1. மேகசினைக் கழற்றுங்கள். போல்ட்டைத் திறந்து சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டு விரலாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாப் பெட்டி அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. சமையலறை மேடையிலும் சாப்பாட்டு மேசையிலும் இந்த வேலை வேண்டாம், வெளிவருவது ஈயத் தூள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

2. போல்ட்டைக் கழற்றி, ரைஃபிளை இரண்டு சிறு மணல் பைகளின் மேல் படுக்கவையுங்கள். குழல்வாய் கொஞ்சம் தாழ்வாக இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் கரைப்பான் பின்னால் வடிந்து டிரிகருக்குள்ளும் கட்டைக்குள்ளும் போகும். டிரிகரில் போன கரைப்பான் பழைய எண்ணெயைப் பிசினாக்கும். ஒருநாள் டிரிகர் இழுத்தும் விடாது, அல்லது தொடுமுன் விட்டுவிடும்.

3. போர் கைடைச் செருகுங்கள். பின்பக்கமிருந்து முன்பக்கம் மட்டுமே வேலை. நனைத்த துணியை ஜேக்கில் வைத்து ஒரே சீராகத் தள்ளுங்கள். குழல்வாயில் வெளிவந்ததும் துணியை எடுத்துவிட்டு வெறும் ராடை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ராடை ஒவ்வொரு முறையும் துடையுங்கள். முதல் துணி கன்னங்கரேலென்று வரும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் அதில் சாம்பல் நிற மினுக்கு தெரியும், அதுதான் ஈயம். இப்படி இரண்டு மூன்று துணி.

4. பத்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

5. இப்போது சேம்பர். கரைப்பானில் நனைத்த வெண்கலப் பிரஷ்ஷை சேம்பர் முடியும் இடம் வரை மட்டும் விட்டு, வலப்பக்கமாக எட்டுப் பத்துச் சுற்று சுற்றுங்கள். இடப்பக்கம் சுற்றினால் பிரஷ் திருகு கழன்று உள்ளேயே நின்றுவிடும். கரி வளையம் பழையதாக இருந்தால் இன்னொரு பத்து நிமிடம் ஊறவிட்டு மறுபடியும் செய்யுங்கள். கத்தி, ஊசி, ஸ்க்ரூ டிரைவர் எதையும் உள்ளே விடாதீர்கள்.

6. குழலுக்கு பிரஷ் எப்போதும் தேவைப்படாது. துணியில் ஈய மினுக்கு நிறைய வந்தால் மட்டும் நைலான் பிரஷ்ஷை ஐந்தாறு முறை விடுங்கள். பாதி வழியில் திருப்பி இழுக்காதீர்கள், குழல்வாய்க்கு வெளியே வரும்வரை தள்ளுங்கள். வெளியே வந்த பிரஷ்ஷைக் கழற்றிவிட்டு ராடை இழுப்பது நல்லது. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அந்த வாய் விளிம்பு. அங்கே ஒரு பக்கம் தேய்ந்தால் எல்லாத் தோட்டாவும் ஒரு பக்கம் சாயும். முன்பக்கமிருந்து ராடு விடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

7. உலர்ந்த துணி மூன்று நான்கு. வெளிர் சாம்பலாக வந்தால் நிறுத்திவிடுங்கள். வெள்ளையாக வரும்வரை தேய்ப்பேன் என்று உட்கார்ந்தால் பனியன் தீரும், சாம்பல் தீராது.

8. போல்ட்டின் முகத்தையும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியையும் பல்குச்சியாலும் டூத் பிரஷ்ஷாலும் சுரண்டுங்கள். மெழுகும் கரியும் சேர்ந்த கறுப்புப் பசை அங்கே அடைந்திருக்கும். வெற்றுத் தோட்டா வெளியே வராமல் மாட்டுவது பெரும்பாலும் இதனால்தான். துடைத்த பிறகு ஒரே ஒரு சொட்டு எண்ணெயை விரலில் எடுத்துப் போல்ட் முழுக்கத் தடவுங்கள். சொட்டச் சொட்ட எண்ணெய் விட்டால் நம் ஊர்ப் புழுதியெல்லாம் அதில் ஒட்டும்.

9. போல்ட்டை மாட்டியதும் "டிக்" என்று அடித்துப் பார்க்க வேண்டாம். வெறும் சேம்பரில் ஊசி அடித்தால் பல .22-களில் அது சேம்பர் விளிம்பில் போய் இடிக்கும். விளிம்பு நசுங்கினால் தோட்டா உள்ளே போகச் சிரமப்படும். தயாரிப்பாளரே அனுமதித்த மாடல் என்றால் மட்டும் செய்யலாம்.

கை கழுவுங்கள், சோப்புப் போட்டு, குளிர்ந்த தண்ணீரில்.

நடுவில் வரும் சிக்கல்கள்

துணி பாதிக் குழலில் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும். துணி தடிமனாக இருந்திருக்கும். இரண்டு பக்கமும் கொஞ்சம் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் விடுங்கள், பிறகு வந்த வழியே மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். சுத்தியல் வேண்டாம். தோட்டா போட்டுச் சுட்டுத் தள்ளிவிடலாம் என்ற எண்ணமே வரக் கூடாது, குழல் வீங்கிவிடும். அப்படியும் வராவிட்டால் லேத் பட்டறைக்கு எடுத்துப்போகாதீர்கள். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் உரிமம் வேண்டும். அந்த உரிமம் உள்ளவரிடம் மட்டுமே கொடுங்கள்.

முதல் அடியில் தோட்டா வெடிக்காமல், இரண்டாவது அடியில் வெடிக்கிறதா? தோட்டாவைக் குறை சொல்லும் முன் சேம்பரைப் பாருங்கள். கரியால் தோட்டா முழுக்க உள்ளே போயிருக்காது. முதல் அடி அதை உள்ளே தள்ளவே செலவாகியிருக்கும். ஆனால் வெடிக்காத தோட்டாவுக்கு உடனே போல்ட்டைத் திறக்கக் கூடாது. குழலை இலக்கு நோக்கியே வைத்து 30 விநாடி காத்திருங்கள்.

10 மீட்டர் ஏர் ரைஃபிளிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த பிரஷ்ஷும் கரைப்பானும் ஏர் ரைஃபிளுக்கு ஆகாது. உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும்.

மழைக்காலமும் தேர்தல் காலமும்

சித்திரை, வைகாசியில் வேலூர்க் காற்று உலர்ந்து கிடக்கும், துருப் பயம் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் அப்படி இருக்க முடியாது. ஒரு தோட்டாகூடச் சுடாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடுத்து, வெளி இரும்பை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். கைரேகையில் இருக்கும் வியர்வை உப்பு முதலில் துருவைக் கிளப்பும். ஏ.சி அறையிலிருந்து வெளியே எடுத்தால் இரும்பில் ஈரம் பூக்கும், அது காயும்வரை பெட்டியை மூடாதீர்கள்.

ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் உறை எடுத்துச்செல்ல அழகுதான், ஆனால் அதற்குள்ளேயே வைத்துப் பூட்டாதீர்கள். பதனிட்ட தோலில் உப்பு இருக்கும், ஈரத்தையும் பிடித்துவைக்கும். பீரோவில் சிலிக்கா ஜெல் பையோடு, உறையில்லாமல் வைப்பதே மேல்.

தேர்தல் அறிவித்தால், விலக்குப் பெற்றவர்கள் தவிர மற்ற உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். திரும்பக் கைக்கு வர ஒன்றிரண்டு மாதம்கூட ஆகலாம். அங்கே யாரும் துடைத்துவைக்க மாட்டார்கள். ஒப்படைக்கும் முன் குழலை முழுக்கச் சுத்தம் செய்து, எண்ணெய் தோய்த்த துணியை ஒரு முறை குழலுக்குள் விடுங்கள். வெளியிலும் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகத் தடவுங்கள். டபிள்யூ.டி-40 ஈரத்தை விரட்டும், ஆனால் இத்தனை நாளைக்குத் தாங்காது, கெட்டியான எண்ணெய்தான் சரி. குழல்வாயைத் துணி வைத்து அடைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கும்.

திரும்ப வாங்கியதும் போல்ட்டைத் திறந்து வெளிச்சத்தில் குழலைப் பாருங்கள். இரண்டு மூன்று உலர்ந்த துணி விட்டு எண்ணெயை எடுத்த பிறகே தோட்டா போடுங்கள், எண்ணெய்க் குழலில் முதல் தோட்டாக்கள் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. முதல் 15 தோட்டாவை மெழுகு படிவதற்கென்று விட்டுவிட்டு, பதினாறாவதிலிருந்து குரூப்பை நோட்டில் குறியுங்கள்.