அமெரிக்கத் தொகுதி வரைபடம் மாறும்போது மக்கள் செய்யும் தவறுகள்

வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ என்று ஒரு நகரம். 1960 பிப்ரவரி 1ஆம் தேதி நான்கு கறுப்பின மாணவர்கள் உல்வொர்த் கடைக்குள் போய், வெள்ளையர்களுக்கு மட்டும் பரிமாறும் மேசையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தார்களே, அதே ஊர். அவர்கள் படித்த கல்லூரி இன்று வட கரோலினா ஏ அண்ட் டி மாநிலப் பல்கலைக்கழகம். கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் அமெரிக்காவிலேயே பெரியது.

2016இல் அந்த மாநிலச் சட்டமன்றம் போட்ட புதிய காங்கிரஸ் தொகுதி வரைபடத்தில், எல்லைக் கோடு இந்த வளாகத்தின் நடுவிலேயே ஓடியது. லாரல் தெருதான் எல்லை. தெருவுக்கு இந்தப் பக்கம் விடுதி கிடைத்தவர் ஒரு தொகுதி, அந்தப் பக்கம் கிடைத்தவர் வேறு தொகுதி. ஒன்று 6, மற்றது 13. அடுத்த ஆண்டு விடுதி மாறினால் தொகுதியும் மாறிவிடும். ஒரே உணவகத்தில் சாப்பிட்டு ஒரே வகுப்பில் உட்காரும் ஆயிரக்கணக்கான பேரின் ஓட்டு, இரண்டாகப் பிரிந்து, இரு பக்கமும் பெரிய தொகுதிகளுக்குள் கரைந்துபோனது.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. தொகுதி எல்லை என்றால் ஏதோ தலைநகரத்து விவகாரம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது ஒரு தெரு விவகாரம். அதை எதிர்ப்பவர்கள் தெருவை மறந்துவிட்டுப் பேசும்போதுதான் பெரும்பாலும் தோற்கிறார்கள்.

(காங்கிரஸ் என்றதும் நமக்குக் கட்சி ஞாபகம் வரும். இங்கே அது அமெரிக்க நாடாளுமன்றம்.)

எண்ணிக்கையையும் எல்லையையும் குழப்பிக்கொள்வது

தமிழ்நாட்டில் தொகுதி மறுவரையறை என்று பேசும்போது முதல் கவலை, நமக்கு எத்தனை எம்.பி. குறையும் என்பதுதான். அந்தக் கண்ணாடியோடு அமெரிக்காவைப் பார்த்தால் விஷயம் பிடிபடாது. அங்கே இவை இரண்டும் தனித்தனி வேலைகள். பிரதிநிதிகள் சபையில் 435 இடம் என்பது நூறாண்டுக்கும் மேலாக அப்படியே இருக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை சென்சஸ் முடிந்ததும், அந்த 435ஐ மாநிலங்களுக்குள் ஒரு கணக்குச் சூத்திரம் பங்கிட்டுவிடும். அதில் யாரும் பேரம் பேச முடியாது. 2020 சென்சஸுக்குப் பிறகு டெக்சாஸ் இரண்டு கூடி 38 ஆனது, கலிபோர்னியா முதன்முறையாக ஒன்று குறைந்து 52 ஆனது. நியூயார்க் ஓரிடத்தை இழந்தது; இன்னும் 89 பேர் கணக்கில் வந்திருந்தால் இழந்திருக்காது.

சண்டை நடப்பது அதற்கு அடுத்த கட்டத்தில். கிடைத்த இடங்களுக்கு மாநிலத்துக்குள் எங்கே கோடு போடுவது? ‘எங்கள் மாநிலத்துக்கு இடம் குறைத்துவிட்டார்கள்’ என்று எல்லை பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டத்தில் போய் முழங்குவதில் பயன் இல்லை. உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதை மாற்றும் அதிகாரமே கிடையாது.

அந்த 89 பேர் கதையில் அமெரிக்காவில் வசிக்கும் நம்மவர்களுக்கு ஒரு செய்தி உண்டு. தொகுதி வரைவதற்கு எண்ணப்படுவது வாக்காளர்கள் அல்ல, குடியிருப்பவர்கள். கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர், ஹெச்1பியில் இருப்பவர், போன மாதம் பிறந்த குழந்தை, எல்லோரும் கணக்கு. ‘நமக்குத்தான் ஓட்டு இல்லையே, நமக்கென்ன’ என்று ஒதுங்குவது சரியில்லை. ஓட்டு இல்லாதவர்களையும் சேர்த்துத்தான் அந்தத் தொகுதி வரையப்படுகிறது. ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கியிருக்கும் அம்மா அப்பாவை மட்டும் சேர்க்கக் கூடாது, அவர்கள் விருந்தினர்.

தவறான கதவைத் தட்டுவது

வரைபடச் செய்தி வந்த உடனே பலர் வாஷிங்டனில் இருக்கும் தங்கள் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்துக்குப் போன் போடுகிறார்கள். பெரும்பாலான மாநிலங்களில் கோடு போடுவது மாநிலச் சட்டமன்றம். அங்கே உங்கள் பகுதியின் உறுப்பினர் யார், எந்தக் குழுவிடம் மசோதா இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மிச்சிகன் போன்ற சில மாநிலங்களில் குடிமக்கள் ஆணையம் போடுகிறது. அங்கே 13 பேர்: 4 ஜனநாயகக் கட்சி, 4 குடியரசுக் கட்சி, எதிலும் சேராதவர்கள் 5. கவர்னரைப் பிடித்தால் தடுத்துவிடலாம் என்றும் எல்லா இடத்திலும் நம்ப முடியாது. வட கரோலினாவில் தொகுதி வரைபடத்தை மட்டும் கவர்னர் நிராகரிக்கவே முடியாது.

இது ஒரு போன் அழைப்பு வித்தியாசம்தான். ஆனால் இருப்பதே சில வாரம் என்கிறபோது, தவறான கதவில் போகும் ஒவ்வொரு நாளும் இழப்பு.

உருவத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வது

1812இல் மாசசூசெட்ஸ் கவர்னர் எல்பிரிட்ஜ் ஜெரி ஒப்புதல் தந்த ஒரு மாநிலத் தொகுதி, பல்லி மாதிரியான சாலமாண்டர் உருவத்தில் இருந்தது. பத்திரிகை இரண்டு சொல்லையும் ஒட்டி ஜெரிமாண்டர் என்றது. அன்றிலிருந்து, கோணல்மாணலாக இருந்தால் சதி, சதுரமாக இருந்தால் நேர்மை என்று ஒரு நம்பிக்கை ஊறிப்போய்விட்டது.

சிகாகோவின் 4ஆம் தொகுதி பல ஆண்டுகள் காதை மூடும் குளிர்க்கவசம் போல இருந்தது. இரண்டு வட்டம், நடுவே நெடுஞ்சாலை ஓரமாக நூல் மாதிரி ஓர் இணைப்பு. பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் வடக்கு வட்டம் போர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினர் நிறைந்த பகுதி, தெற்கு வட்டம் மெக்சிகோ வம்சாவளியினர் நிறைந்த பகுதி. நடுவில் கறுப்பின மக்கள் பெரும்பான்மையான இன்னொரு தொகுதி. அதைக் குலைக்காமல் இந்த இரண்டையும் சேர்க்க வேறு வழியில்லை. 1992இல் இல்லினாய்ஸ் தன் முதல் லத்தினோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) காங்கிரஸ் உறுப்பினர் லூயிஸ் குட்டியரெஸை அங்கிருந்துதான் அனுப்பியது.

எதிர்ப்பக்கம் பாருங்கள். லாரல் தெருவைப் பிளந்த அந்த 2016 வரைபடம், முந்தையதோடு ஒப்பிட்டால் கண்ணுக்கு லட்சணமாகவே இருந்தது. கோணல்கள் குறைவு. ஆனால் அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான குடியரசுக் கட்சியின் டேவிட் லூயிஸ், 13 இடத்தில் 10 தன் கட்சிக்கு வரும்படி வரைவதுதான் நோக்கம், 11 வரும்படி வரைய முடியும் என்று தோன்றவில்லை என்று குழுக் கூட்டத்திலேயே வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஆண்டுத் தேர்தல் முடிவும் 10க்கு 3 என்றுதான் வந்தது. இன்றைய மென்பொருளுக்கு அழகான கோட்டில் அநியாயம் செய்வது பெரிய வேலை இல்லை. அதனால் உருவத்தை விட்டுவிட்டு, கோடு யாரை யாரிடமிருந்து பிரிக்கிறது, யாரோடு சேர்க்கிறது என்று கேளுங்கள்.

கட்சியைப் பற்றியே பேசுவது

இதுதான் எனக்கு அதிகம் வலிக்கும் தவறு. கருத்துக்கேட்புக் கூட்டங்களின் பதிவுகளைப் பார்த்தால், ஒருவருக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம், மிஞ்சினால் மூன்று. அதில் பாதிப் பேர் ‘இது ஜனநாயகப் படுகொலை’, ‘இந்தக் கட்சி இடங்களைத் திருடுகிறது’ என்று கொந்தளித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். கோபம் நியாயமானதே. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் வரைபடத்தில் குறிக்கக்கூடிய ஒரு புள்ளிகூட இருக்காது.

கலிபோர்னியா, மிச்சிகன் சட்டங்களில் ‘பொது நலன் கொண்ட சமூகம்’ என்று ஒரு கருத்து உண்டு. ஒன்றாக வாழ்ந்து, ஒரே தேவைகளைப் பகிர்ந்துகொள்ளும் பகுதியை முடிந்தவரை ஒரே தொகுதிக்குள் வைக்க வேண்டும். அதே சட்டங்கள் இன்னொன்றும் சொல்கின்றன: கட்சியோடும் பதவியில் இருப்பவரோடும் உள்ள உறவு அந்தக் கணக்கில் சேராது. ஆக, கட்சி பெயரைச் சொல்லி முறையிட்டால், கேட்பவர் நல்லவராகவே இருந்தாலும் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

எப்படிப் பேசலாம்? ஒரு புறநகர்க் குடும்பம் இப்படிப் பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள்: “நாங்கள் இந்த ஓடைக்குக் கிழக்கே இருக்கிறோம். மேற்கே இருப்பவர்களோடு ஒரே பள்ளி மாவட்டம். பெரிய மழை வந்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் மூழ்கும். வெள்ள நிவாரணத்துக்கு ஒன்றாகத்தான் மனு போட்டோம். கடையும் கோயிலும் அந்தப் பக்கம், கிளினிக் இந்தப் பக்கம். உங்கள் கோடு ஓடை வழியாகப் போகிறது. அதை இரண்டு மைல் தள்ளி நெடுஞ்சாலைக்கு நகர்த்துங்கள்.” ஒன்றரை நிமிடம் போதும். வரைபவர் கையில் இப்போது ஒரு இடம், ஒரு காரணம், ஒரு மாற்று, மூன்றும் இருக்கின்றன.

மாற்று சொல்லும்போது ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். 1964இல் வெஸ்பெரி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு மாநிலத்துக்குள் காங்கிரஸ் தொகுதிகளின் மக்கள் தொகை கூடியவரை சமமாக இருக்க வேண்டும் என்றது. இப்போது ஒரு தொகுதிக்குச் சராசரியாக 7 லட்சத்து 61 ஆயிரம் பேர். பல மாநிலங்கள் ஒற்றை ஆள் வித்தியாசம்வரை சமன் செய்கின்றன. நீங்கள் 8,000 பேரை உள்ளே சேர்க்கச் சொன்னால், வேறு 8,000 பேர் வெளியே போக வேண்டும். யார் போவது என்பதையும் நீங்களே யோசித்துச் சொன்னால் உங்கள் பேச்சுக்கு மதிப்பு பல மடங்கு கூடும். டேவ்ஸ் ரீடிஸ்டிரிக்டிங் என்ற இலவசத் தளத்தில் வீட்டில் உட்கார்ந்தே கோட்டை நகர்த்திப் பார்க்கலாம். ஒரு சாயங்காலம் அதில் உட்கார்ந்தால் போதும், வரைபவரின் கஷ்டமும் புரியும், வரைபவரின் தந்திரமும் புரியும்.

அப்புறம், அமைப்புகள் அனுப்பும் ஒரே மாதிரிக் கடிதத்தை அப்படியே நகலெடுத்து அனுப்பாதீர்கள். ஆயிரம் கடிதம் ஒரே வாசகத்தில் வந்தால் அது ஒரு கடிதமாகவே படிக்கப்படும். உங்கள் தெருப் பெயரை உங்களால்தான் எழுத முடியும்.

வரைபடம் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்பது

பத்தாண்டுக்கு ஒருமுறைதானே என்ற நம்பிக்கையை டெக்சாஸ் இரண்டு முறை உடைத்தது, முதலில் 2003இல், பிறகு 2025இல். இடையில் மாற்றுவதற்கு மத்தியச் சட்டத்தில் தடை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொல்லிவிட்டது. 2025 ஜூலை கடைசியில் ஆஸ்டின், ஹூஸ்டன், ஆர்லிங்டன் என்று கூட்டங்கள் நடந்தன. மக்கள் வரிசையில் நின்றார்கள். ஆனால் வரைபடமே வெளிவரவில்லை! அது ஜூலை 30 அன்று வந்தது. ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் மாநிலத்தை விட்டே வெளியேறி, சபைக்குத் தேவையான ஆள் கணக்கைக் குலைத்துப் பார்த்தார்கள். இருந்தும் ஆகஸ்ட் 29 அன்று கவர்னர் கையெழுத்துப் போட்டுவிட்டார். சரியாக 30 நாள்.

வரைபடம் இல்லாத கூட்டத்துக்குப் போய் என்ன பயன் என்று கேட்பீர்கள். உங்கள் ஊரை விவரித்துப் பதிவு செய்ய முடியும், அதுதான் பயன். மிச்சிகனில் 2021இல் டெட்ராய்ட் மக்கள், நகரத்தைத் துண்டுபோட்டுப் புறநகரோடு ஒட்டாதீர்கள் என்று கூட்டத்தில் கேட்டார்கள். ஆணையம் கேட்கவில்லை. 2023 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட மத்திய அமர்வு, டெட்ராய்ட் பகுதியின் 13 மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளை ரத்து செய்தது. ஆணையக் கூட்டங்களில் பேசப்பட்டதன் எழுத்துப் பதிவுகள் அந்தத் தீர்ப்புக்குப் பெரிதும் உதவின. சபையில் எடுபடாத பேச்சும் பதிவில் நிற்கிறது.

‘கோர்ட் பார்த்துக்கொள்ளும்’

எந்தக் கோர்ட் என்று கேட்க வேண்டும். கட்சி லாபத்துக்காக எல்லை வளைப்பதை மத்திய நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று 2019இல் ருச்சோ வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று தீர்ப்பளித்தது. அது பெரிய கதவடைப்பு என்பதே என் கருத்து. மிஞ்சியிருப்பது மாநில அரசியல் சட்டங்கள். பென்சில்வேனியாவின் 7ஆம் தொகுதி, கூஃபி என்ற கார்ட்டூன் நாய் டொனால்டு வாத்தை உதைப்பது போலிருந்தது. அது உள்ளிட்ட வரைபடத்தை மாநில உச்ச நீதிமன்றம் 2018இல் தூக்கி எறிந்தது. யூட்டாவில் மக்களே 2018இல் வாக்களித்துக் கொண்டுவந்த சீர்திருத்தத்தைச் சட்டமன்றம் நீர்த்துப்போகச் செய்து, சால்ட் லேக் கவுண்டியை (நம் மாவட்டம் மாதிரி) நான்காகப் பிரித்தது. வழக்கு நடத்தி, 2025 நவம்பரில்தான் நீதிமன்றம் வேறு வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தது. நடுவில் எத்தனை தேர்தல் போய்விட்டது!

மனுக்களிலும் இதே குழப்பம் உண்டு. இணையத்தில் பெயரைத் தட்டிவிடுவது ஒரு மனக்குறை வெளிப்பாடு, அவ்வளவுதான். மிசூரியில் கன்சாஸ் சிட்டியைப் பிரித்த 2025 வரைபடத்துக்கு எதிராகத் திரட்டியது வேறு வகை. சட்டத்தைப் பொது வாக்கெடுப்புக்கு விடக் கோரும் கையெழுத்து. பதிவான வாக்காளர்களிடம் காகிதத்தில் வாங்க வேண்டும். 3 லட்சத்துக்கும் மேல் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துவிட்டுப் போடுங்கள்.

தன் கட்சி செய்தால் மௌனம்

டெக்சாஸில் நடந்ததைக் கண்டித்தவர்களில் பலர், ஜனநாயகக் கட்சி தனக்குச் சாதகமாக வரைந்த இல்லினாய்ஸ் வரைபடத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. கலிபோர்னியா 2025 நவம்பரில், டெக்சாஸுக்குப் பதிலடி என்று தன் குடிமக்கள் ஆணையத்தின் காங்கிரஸ் வரைபடத்தை ஒதுக்கிவைக்க மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புக்கொண்டது. அவர்களின் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஆணையம் உருவாகப் பட்ட பாட்டை நினைத்தால் மனசு கேட்கவில்லை. இதற்கு நேர்மாறாக இந்தியானா. குடியரசுக் கட்சிக்கு 50இல் 40 இடம் உள்ள மாநில செனட் அது. ஜனாதிபதியே நெருக்கியும், 2025 டிசம்பர் 11 அன்று தன் கட்சிக்கே சாதகமான புதிய வரைபடத்தை 31க்கு 19 என்று நிராகரித்தது. எதிர்த்தவர்களில் 21 பேர் குடியரசுக் கட்சிக்காரர்கள். தன் கட்சிக்காரரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லும் வாக்காளரின் குரலுக்கு, எதிர்க்கட்சிக்காரரின் நூறு குரலைவிட எடை அதிகம்.

ஜெயித்ததும் வீட்டுக்குப் போய்விடுவது

கிரீன்ஸ்பரோவுக்கு வருவோம். 2019இல் மாநில நீதிமன்றம் தலையிட்ட பிறகு வரைபடம் மாறியது; நகரம் முழுவதும் ஒரே தொகுதிக்குள் வந்தது. லாரல் தெருவின் இரண்டு பக்கமும் ஒரே வாக்குச்சீட்டு. 2020இல் ஜனநாயகக் கட்சியின் கேத்தி மேனிங் அங்கே ஜெயித்தார். 2023இல் சட்டமன்றம் மறுபடி வரைந்தது. கிரீன்ஸ்பரோ இருக்கும் கில்ஃபோர்டு கவுண்டி இந்த முறை மூன்று தொகுதிகளாகப் பிரிந்தது. மேனிங் 2024இல் போட்டியிடவே இல்லை. அந்த வரைபடத்துக்கு கவர்னரின் கையெழுத்து தேவைப்படவில்லை.