இலவச மடல் படிப்பவர் சந்தா கட்டும் வாசகராவது எப்படி

வேலூர் சத்துவாச்சாரியில் இருந்துகொண்டு தோல் தொழில் பற்றி வாரம் ஒரு செய்திமடல் எழுதி மின்னஞ்சலில் அனுப்பிவருகிறேன். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பழைய வட ஆற்காடு மாவட்டம் நெடுகிலும் இருக்கிற தோல் பதனிடும் ஷாப்புகளிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை பார்ப்பவர்களும், அவர்களுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் சிறு யூனிட்காரர்களும்தான் என் வாசகர்கள். இலவசமாகப் போய்க்கொண்டிருந்த அந்த மடலுக்குச் சந்தா கேட்கத் தொடங்கியபோது பட்டுத் தெரிந்துகொண்டவற்றை, இதே கட்டத்தில் நிற்கும் மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன். உங்கள் மடல் கோயில் கல்வெட்டுகளைப் பற்றியதாக இருக்கலாம், இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயின் விலையைப் பற்றியதாக இருக்கலாம். வழிமுறை பெரிதாக மாறாது.

எதற்காகப் பணம் வாங்கப்போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துவிட வேண்டும். இலவசமாக வாரத்துக்கு ஒரு மடல், பணம் கட்டினால் இரண்டு மடல் என்று பலரும் தொடங்குகிறார்கள். வருகிற ஒரு மடலைப் படிக்கவே நேரம் போதாமல் இருப்பவரிடம் இரண்டாவது மடலுக்குக் காசு கேட்பதில் பயனில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். தன் வேலையில் எடுத்துப் பயன்படுத்த முடிகிற ஏதோ ஒன்றுக்குத்தான் வாசகர் பணம் கட்டுவார், அது வாரத்துக்குப் பத்து வரியாக இருந்தாலும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 2025 பிப்ரவரி 1 அன்று தாக்கலான மத்திய பட்ஜெட்டில் வெட் ப்ளூ தோலுக்கு (குரோம் ஏற்றிப் பதனிட்டு, ஈரமாகவே இருக்கும் தோல்) இருந்த 10 சதவீத இறக்குமதி வரியும், க்ரஸ்ட் தோலுக்கு (பதனிட்டு உலர்த்தி, கடைசி மெருகு வேலையான ஃபினிஷிங் மட்டும் பாக்கியுள்ள தோல்) இருந்த 20 சதவீத ஏற்றுமதி வரியும் நீக்கப்பட்டன. அன்று மாலைக்குள் எல்லாச் சேனல்களிலும் வந்துவிட்ட அந்தச் செய்தியைத் திரும்பச் சொல்வதற்கு யாரும் காசு தரமாட்டார்கள். ஆனால் வெளிநாட்டு வெட் ப்ளூ வரியில்லாமல் வந்து இறங்கினால் பதனிடாத பச்சைத் தோலில் இருந்தே வேலையைத் தொடங்கும் ஷாப்புக்கு என்ன ஆகும், க்ரஸ்ட் நிலையிலேயே சரக்கு கப்பலேறிவிட்டால் ஃபினிஷிங் மட்டும் செய்து கொடுக்கும் பேரணாம்பட்டு யூனிட்டுக்கு வேலை குறையுமா என்று, இரண்டு பக்கத்தையும் பார்த்து நான் ஒரு மடல் எழுதியிருந்தேன். சில வாரங்கள் கழித்து ஆம்பூரில் ஒரு கம்பெனிக்குப் போனபோது, கணக்கர் மேசையின் கண்ணாடிக்கு அடியில், சாமி படத்துக்கும் வங்கிக் காலண்டருக்கும் நடுவில், அந்த மடலின் ஒரு பக்கம் அச்செடுத்துச் செருகப்பட்டிருந்தது. நான்கு வரிகளுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். எதற்குச் சந்தா கேட்கலாம் என்பது எனக்கு அந்த மேசையருகில் நின்றபோதுதான் தெளிவானது.

உங்கள் மடலில் அந்த நான்கு வரிகள் எவை என்று கண்டுபிடிக்க, கடந்த ஆறு மாத மடல்களை எடுத்து வைத்துக்கொண்டு, எதற்குப் பதில் வந்தது, எதைப் பற்றிப் போன் வந்தது, எதை வாசகர்கள் வேறு ஒருவருக்கு அனுப்பினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை பேர் மடலைத் திறந்தார்கள் என்று மென்பொருள் காட்டும் சதவீதத்தை நம்ப வேண்டாம். ஆப்பிள் நிறுவனம் 2021இல் தன் மின்னஞ்சல் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை ஏற்பாட்டுக்குப் பிறகு, வாசகர் திறக்காத மடல்கூடத் திறந்ததாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. பதில் எழுதியவரின் பெயர், ஊர், அவர் கேட்ட கேள்வி ஆகிய மூன்றும் அந்த நோட்டில் இருந்தால் போதும். முதலில் சந்தா கட்டப்போகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பெயர்களில்தான் இருப்பார்கள்.

அடுத்து, எதை இலவசமாக விட்டுவைப்பது என்ற கேள்வி. இதில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். ஒரு சனிக்கிழமை முதல் எல்லா மடல்களையும் மூன்று பத்திகளோடு நிறுத்தி, மீதியைப் படிக்கப் பணம் கட்டுங்கள் என்று போட்டுவிட்டேன். பந்தியில் உட்காரவைத்துப் பாதிச் சாப்பாட்டில் இலையை எடுப்பதைப் போன்ற காரியம் அது. வழக்கமாகப் பதில் எழுதுகிறவர்கள்கூட எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். புதிதாகச் சேருகிறவர்களும் நின்றுபோனார்கள். ஐந்தாவது வாரமே அதை மாற்றிக்கொண்டேன். இலவச மடல் சிறியதாக இருக்கலாம், ஆனால் முழுமையாக இருக்க வேண்டும். படித்து முடித்தவருக்கு ஏதோ தெரிந்துகொண்டோம் என்ற நிறைவு இருக்க வேண்டும். கட்டணப் பகுதி அதன் தொடர்ச்சியாக அறுபட்டு நிற்காமல், தனிப் பெயரோடு தனியாக வர வேண்டும். இப்போது என் செய்திப் பகுதி எல்லோருக்கும் போகிறது. ‘நம் ஷாப்புக்கு என்ன பாதிப்பு’ என்ற பகுதியும், மாதக் கடைசியில் வரும் விலைப்பட்டியலும் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் போகின்றன.

எவ்வளவு பேர் கட்டுவார்கள் என்று எதிர்பார்க்கலாம்? செய்திமடல் அனுப்பவும் சந்தா வாங்கவும் இணையத்தில் வசதி தரும் சப்ஸ்டாக் நிறுவனம் தன் எழுத்தாளர்களுக்கு இலவச வாசகர்களில் 5 முதல் 10 சதவீதம் என்று சொல்லிவருகிறது. நம் ஊரில், தமிழில், ஒரு தொழிலையோ ஒரு வட்டாரத்தையோ பற்றி எழுதும்போது, நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் என்று வைத்துத் திட்டமிடுவதுதான் பாதுகாப்பானது என்பது என் கருத்து. ஆயிரம் வாசகர்களில் 25 பேர் ஆண்டுக்கு 1,200 ரூபாய் கட்டினால் 30,000 ரூபாய். இது பிழைப்புக்குப் போதாது. ஆனால் மடல் அனுப்பும் சேவைக்கான கட்டணம், ஊர் ஊராகப் போகும் பஸ் செலவு, மாதம் இரண்டு நாள் உழைப்பு ஆகியவற்றுக்கு ஈடாகும். மாதம் 20 ரூபாய் என்று மிகக் குறைவாக வைத்தால் அதிகம் பேர் சேர்வார்கள் என்று எண்ணாதீர்கள். இருபது ரூபாய்க்கும் ஒருவர் போனை எடுத்து அதே வேலைகளைத்தான் செய்ய வேண்டும். உங்களுக்கும் அதே கணக்கு எழுதும் வேலைதான்.

பணம் வாங்கும் வழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்ட மனமிருந்தும் கட்ட முடியாமல் போனவர்களை இங்கேதான் நான் அதிகம் பார்த்தேன். சப்ஸ்டாக் வழியாகச் சந்தா வாங்கினால் அந்நிறுவனம் 10 சதவீதம் எடுத்துக்கொள்ளும். பணத்தைக் கையாளும் ஸ்ட்ரைப் நிறுவனத்தின் கட்டணம் தனி. அந்த ஸ்ட்ரைப், 2024 முதல் இந்தியாவில் தான் அழைப்பவர்களை மட்டுமே புதிதாகச் சேர்த்துக்கொள்கிறது. இணையத்தில் நமக்காகப் பணம் வாங்கித் தரும் இங்குள்ள பேமென்ட் கேட்வே நிறுவனங்களில் பொதுவாக 2 சதவீதமும், அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். 1,200 ரூபாய்க்கு 28 ரூபாய் 32 காசு. வங்கியில் கேட்டு ஒரு கியூஆர் அட்டை வாங்கிவிட்டால், 2020 ஜனவரி முதல் யுபிஐ வரவுக்கு வணிகரிடம் வங்கி கட்டணம் பிடிப்பதில்லை என்பதால், முழுத்தொகையும் உங்கள் கணக்குக்கு வரும். யார் கட்டினார்கள் என்று நீங்களே நோட்டில் பதிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். இருநூறு பேர் வரை நோட்டே போதும். சேவைகளில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. ஆனால் வருமான வரிக் கணக்கில் இந்த வரவைக் காட்ட வேண்டும்.

மாதச் சந்தாவா, ஆண்டுச் சந்தாவா என்பதை எனக்காக முடிவு செய்தவர் ஆம்பூர் வாசகர் ஒருவர். நான் முதலில் கார்டில் மாதந்தோறும் தானாகப் பிடிக்கும் ஏற்பாட்டை வைத்திருந்தேன். அவர் போன் செய்தார்.

“தம்பி, மாசா மாசம் நம்மள கேக்காமயே எடுத்துடுவானா?”

“முன்னாடி நாளே மெசேஜ் வரும் பாய், அப்புறம்தான் எடுப்பாங்க.”

“அதெல்லாம் வேணாம்பா. கார்டு நம்பர் நான் யாருக்கும் குடுக்கறதில்ல. ஜிபே நம்பர் சொல்லு, ஒரு வருஷத்துக்கும் சேத்துப் போட்டுடறேன்.”

அவருடைய தயக்கம் நியாயமானது. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தானாகப் பிடிக்கும் பணத்துக்கு வாசகர் முதலில் ஓடிபி கொடுத்து ஒப்புதல் பதிய வேண்டும், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம் முன்னதாக வங்கி தகவல் அனுப்ப வேண்டும். வாசகருக்கு இது நல்ல பாதுகாப்பு. ஆனால் மாதாமாதம் அந்தத் தகவல் வரும்போதெல்லாம் ‘இது தேவையா’ என்ற கேள்வியும் கூடவே வருகிறது; கார்டு காலாவதியானால் சந்தா தானாக அறுந்துபோகிறது. ஆகவே ஆண்டுச் சந்தா ஒன்றை மட்டும் வையுங்கள். சீட்டுக்கும் பால் கணக்குக்கும் மாதாமாதம் கட்டிப் பழகியவர்கள்கூட, பத்திரிகை என்றால் ஆண்டுச் சந்தா என்றே நினைக்கிறார்கள்.

இனி, கேட்பது. சந்தா கேட்க ஒரு தனி மடல் எழுதுங்கள். மற்ற மடல்களின் அடியில் ஒரு வரியாகப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் காரணமும் இருக்கிறது. ஏறக்குறைய 102 கிலோபைட்டைத் தாண்டும் மடலை ஜிமெயில் வெட்டிவிட்டு, முழுவதையும் பார்க்க ஓர் இணைப்பை மட்டும் வைக்கும். ஆங்கில எழுத்து ஒரு பைட் எடுக்கும் இடத்தில் தமிழில் ‘க’ மூன்று பைட், ‘கு’ ஆறு பைட். நீளமான தமிழ் மடலின் அடியில் வைத்த வேண்டுகோளும் கியூஆரும் வாசகர் கண்ணில் படாமலேயே போய்விடக்கூடும். என் மடல் ஒன்றில் அப்படித்தான் ஆனது. நான் அனுப்பிய வேண்டுகோள் ஏறக்குறைய இப்படி இருந்தது:

“வணக்கம். சனிக்கிழமைதோறும் இந்த மடல் உங்களுக்கு இலவசமாக வருகிறது, இனியும் வரும். அடுத்த மாதம் முதல் ‘நம் ஷாப்புக்கு என்ன பாதிப்பு’ என்ற பகுதியும், மாதக் கடைசியில் பச்சைத் தோல், கெமிக்கல் விலைப்பட்டியலும் சந்தாதாரர்களுக்குத் தனியாக வரும். ஆண்டுச் சந்தா 1,200 ரூபாய். பட்டியலுக்காக மாதம் இரண்டு நாள் ஐந்து ஊர்களுக்கு நேரில் போய் விசாரிக்கிறேன். பணம் அதற்குத்தான் செலவாகிறது. கீழே உள்ள கியூஆரில் கட்டிவிட்டு, இந்த மடலுக்கே ‘கட்டிவிட்டேன்’ என்று பதில் அனுப்பினால் போதும்.”

கெஞ்சலோ, நாளையோடு சலுகை முடிகிறது என்ற அவசரமோ இதில் இல்லை. தொகை, கிடைப்பது, பணம் போகும் இடம், கட்டும் முறை ஆகியவை மட்டும் இருக்கின்றன. இதே மடலை மூன்று வாரம் கழித்து, இடையில் வந்த கேள்விகளுக்குப் பதிலையும் சேர்த்து, இன்னொரு முறை அனுப்புங்கள். முதல் முறை பார்த்துவிட்டு ‘அப்புறம் கட்டலாம்’ என்று விட்டவர்கள் இரண்டாவது முறைதான் கட்டுகிறார்கள்.

அனுப்பும் நேரமும் முக்கியம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உள்ளவர்களுக்கு வெள்ளிக்கிழமை நடுப்பகலில், ஜும்ஆ தொழுகை நேரத்தில் அனுப்பிய மடலுக்கு எனக்கு ஒரு பதிலும் வந்ததில்லை. அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்களின் மீது அமெரிக்கா விதித்த வரி 50 சதவீதமானபோது, ஷூ கம்பெனிகளில் இருந்து எனக்கு இடைவிடாமல் கேள்விகள் வந்தன. சந்தா கேட்க இதுவே தருணம் என்று ஒரு நண்பர் சொன்னார். ஆர்டர் நின்றுவிடுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவரிடம் அந்த வாரம் சந்தா கேட்பது இழவு வீட்டில் பாக்கி கேட்பதைப் போன்றது. அதுபோன்ற வாரங்களில் கட்டணப் பகுதியையும் எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். பரபரப்பு அடங்கிய பிறகு கேளுங்கள்.

கட்டண மடலை வாட்ஸ்அப்பில் அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறார்களே என்று பலர் வருந்துகிறார்கள். நான் அதைத் தடுக்க முயல்வதில்லை. மடலின் தலைப்பில் சந்தாதாரரின் பெயரையும் ஊரையும் போட்டு, கீழே கியூஆரையும் வைத்துவிடுகிறேன்.

பணம் வந்த அன்றே, உங்கள் கையால் எழுதிய இரண்டு வரி நன்றியும் முந்தைய மூன்று கட்டண மடல்களும் வாசகருக்குப் போய்ச் சேர வேண்டும். கியூஆரில் கட்டிய சந்தா தானாகப் புதுப்பிக்கப்படாது என்பதால், பதினோராவது மாதத்தில் அந்த ஆண்டில் என்னென்ன அனுப்பினீர்கள் என்ற பட்டியலோடு ஒரு மடல் அனுப்புங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் போன் செய்யுங்கள். தொடர விரும்பாதவரிடம் எந்தப் பகுதி பயன்படவில்லை என்று மட்டும் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஷாப்பை மூடிவிட்டேன், அதனால் வேண்டாம் என்று சொல்பவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் மேற்கொண்டு எதுவும் கேட்காமல், பெயரை இலவசப் பட்டியலுக்கு மாற்றி, சனிக்கிழமை மடல் தொடர்ந்து போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.