பூச்சியே இல்லாத பப்பாளிக்கு வைரஸ் எப்படி வந்தது?

வில்லிவாக்கத்தில் எங்கள் மொட்டை மாடியில் டிரம்மில் வைத்த பப்பாளி, போன மாசியில் இடுப்பளவு வளர்ந்திருந்தது. பத்தே நாளில் கொழுந்தெல்லாம் தேமல் விழுந்தது. காம்பில் எண்ணெய் தடவினாற்போல் கரும்பச்சைக் கோடுகள். நுனி இலைகள் நாடா மாதிரி மெலிந்துபோயின. கீழ் வீட்டுப் பெண் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சிஸ்டர், இதுல ஒரு பூச்சிகூட இல்லையே! அவரையிலதான பேன் அப்பிக் கெடக்கு?" என்றாள். முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தெருவில் எனக்குப் பெயர் இன்னும் சிஸ்டர்தான்.

அவள் கேட்டது சரியான கேள்வி. அவரையில் அப்பிக் கிடக்கும் அந்தச் செடிப்பேனுக்குத்தான் அசுவினி என்று பெயர். அசுவினி பப்பாளியில் குடித்தனம் நடத்துவதில்லை. வழியில் இறங்கி ருசி பார்த்துவிட்டுப் போய்விடும். கெடுதல் அந்த ருசி பார்ப்பதில்தான்.

றெக்கை முளைத்த அசுவினிக்குத் தூரத்திலிருந்து செடியை இனம் காணத் தெரியாது. பச்சையோ மஞ்சளோ தெரிந்தால் இறங்கும். ஊசி வாயைச் சில வினாடி தோலில் குத்திப் பார்க்கும். பிடிக்காவிட்டால் அடுத்த செடி. குத்தியது நோயுள்ள இலையாக இருந்தால் வாய் நுனியில் வைரஸ் ஒட்டிக்கொள்ளும், அடுத்த குத்தலில் இறங்கும். ஒருவருக்குப் போட்ட ஊசியைக் கழுவாமல் அடுத்தவருக்குப் போடுவது மாதிரி. நாலைந்து குத்தலுக்குள் வாய் சுத்தமாகிவிடும் என்பது மட்டும் ஆறுதல். எங்கள் பப்பாளிக்கு வந்த வளையப்புள்ளி, வெள்ளரித் தேமல், மிளகாய்த் தேமல் எல்லாம் இப்படிப் பரவுகிறவை.

வாழையின் முடிக்கொத்து நோய் வேறு வகை. வாழை அசுவினி மணிக்கணக்கில் சாறு உறிஞ்சும்போது வைரஸ் வயிற்றுக்குள் போய், உடம்பைச் சுற்றி எச்சிலுக்கு வந்துசேரும். அப்புறம் அந்தப் பூச்சி சாகிறவரை நோய் பரப்பும். இது மலேரியாக் கொசு ரகம். கீழ்ப்பழனி மலையில் விருப்பாட்சி வாழையை அழித்தது இதுதான்.

எந்த ரகம் என்று தெரியாமல் மருந்தைத் தூக்கினால் என் கதைதான். முதல் வருஷம் கடையில் கொடுத்த நெடியான மருந்தை அடித்தேன். மருந்து பட்ட பூச்சி உடனே செத்தா விழுகிறது? நிலைகொள்ளாமல் செடிக்குச் செடி தாவிக் குத்துகிறது. அரை மணியில் சாகட்டும், ஊசி அஞ்சு வினாடியில் போட்டாயிற்றே! கூடவே அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகளும் செத்தன. மிளகாய் ஒன்றுகூடத் தேறவில்லை.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன்.

நாற்றை வலைக்குள் வளர்க்கிறேன். கொசுவலை போதாது, அதன் கண்ணில் அசுவினி நுழைந்துவிடும். 50 மெஷ், அதாவது ஓர் அங்குலத்துக்கு 50 கண் உள்ள பூச்சி வலை வேண்டும். பப்பாளி வைக்கிற இடத்தைச் சுற்றி, ஒரு மாதம் முன்பே பைகளில் மக்காச்சோளம் இரண்டு வரிசை நெருக்கி விதைத்துவிடுகிறேன். எங்கள் மாடிக்குக் காற்று கிழக்கிலிருந்து வரும், அந்தப் பக்கம் இன்னும் நெருக்கமாக. வருகிற அசுவினி முதலில் சோளத்தில் இறங்கிக் குத்தி, வாயைத் துடைத்துக்கொள்ளும். பப்பாளி வைரஸ் சோளத்தைத் தொடாது.

மிளகாய், வெள்ளரி நாற்றைச் சுற்றி மண்ணில் பிரியாணிப் பார்சல் வெள்ளித்தாளைக் கழுவி, பளபளப்பு மேலே தெரிய விரித்துவைக்கிறேன். வானத்து வெளிச்சம் கீழிருந்தும் அடித்தால் பூச்சிக்கு மேல் கீழ் குழம்பி, இறங்கத் தயங்கும். செடி பெரிதாகித் தாளை மூடுகிறவரைதான் இது பலிக்கும். அந்த இளம் பருவத்தில் காப்பாற்றினாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு. மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்று தொங்குகிறது. அது பூச்சியை ஒழிக்க இல்லை, றெக்கைக்காரிகள் வர ஆரம்பித்ததை எனக்குச் சொல்ல.

தேமல் வந்த செடிக்கு வைத்தியம் கிடையாது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு பிடுங்க வேண்டியதுதான். அப்படியே பிடுங்கினால் அதிலுள்ள பூச்சி பக்கத்துச் செடிக்குப் போய்விடும். அதனால் முதலில் சோப்புத் தண்ணீர் அடித்து, கொஞ்ச நேரம் விட்டு, செடிமேல் பையைக் கவிழ்த்து வேரோடு எடுக்கிறேன். வாழை என்றால் கிழங்கையும் பக்கக் கன்றையும் சேர்த்துத் தோண்டணும். தேமல் கண்ட காராமணியில் விதை எடுக்காதீர்கள், விதையிலேயே வைரஸ் வரும். அதன் காயைச் சாப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. செடி வைரஸ் மனிதரைப் பிடிக்காது.

எல்லாச் சுருட்டலும் அசுவினி வேலையில்லை. மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேனையும் (இது அசுவினி இல்லை, வேறு பூச்சி) வெள்ளை ஈயையும் பாருங்கள், கீழ்நோக்கி என்றால் சிலந்திப்பேனை. வெண்டை நரம்பு மஞ்சளாவதும் வெள்ளை ஈயால்தான்.

அவரையில் கறுப்பாக அப்பிக் கிடப்பதை ஒருநாள் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒரு தாய் கொழுந்துத் தண்டில் வாயைக் குத்தியபடியே குட்டி போட்டுக்கொண்டிருந்தாள். முட்டை இல்லை, ஆண் துணையும் இல்லை. குட்டி பின்புறமாக வெளியே வந்தது, கால்கள் காற்றில் துழாவின. பிரசவ வார்டில் இப்படி வந்தால் டாக்டரைக் கூப்பிட ஓடுவோம். இவள் சாறு குடிப்பதைக்கூட நிறுத்தவில்லை. அந்தக் குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தாயாகிவிடும். கூட்டம் நெருக்கும்போதுதான் றெக்கை முளைத்தவை பிறக்கும். ஆகவே நெருக்கத்துக்கு விடாதீர்கள். காலையில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி உதறுங்கள். மிச்சத்துக்கு ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம். எறும்பு ஏறும் தண்டில் கிரீஸ் தடவிய துணி சுற்றுங்கள். அசுவினி கழிக்கும் இனிப்பான தேன்துளிக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும். பொறிவண்டு தெரிந்தால் அந்தக் கிளையில் எதையும் அடிக்காதீர்கள்.

சென்னையில் அசுவினிக் கூட்டம் மழை ஓய்ந்து மார்கழிப் பனி விழும்போது வரும். மக்காச்சோளத்தைத் தீபாவளிக்கு மறுவாரமே போட்டுவிடுங்கள்.