ஊருணிக் கரையில் வாடகை வீடு: செட்டிநாட்டில் குடியேற ஒரு செய்முறை

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றானதும் காரைக்குடிப் பக்கம் வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்கும். நேர்நேரான தெருக்கள், தெருமுனையில் ஊருணி (ஊர்ப் பொதுக்குளம்), கொஞ்ச தூரத்தில் காரைக்குடி டவுன். ஆசைப்படத் தகுந்த இடம்தான். ஆனால் இங்கே வீடு பார்க்க ஒரு வரிசை இருக்கிறது. முதலில் தண்ணீரைப் பாருங்கள். அடுத்து, வீடு எத்தனை பேருக்குச் சொந்தம் என்று பாருங்கள். முகப்பின் அழகைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், அது எங்கேயும் ஓடிவிடாது.

படி 1: ஊரைத் தீர்மானியுங்கள்

பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் பக்கத்தில் வேண்டுமென்றால் கோட்டையூர், கண்டனூர், அரியக்குடிப் பக்கம் தேடுங்கள். 2024-ல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூரும் கண்டனூரும் அதோடு சேர்ந்துவிட்டன. பழைய வீடும் அமைதியும்தான் முக்கியம் என்றால் பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி. இவற்றில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை டீக்கடையில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். சென்னைக்குக் காலையில் பல்லவன் ரயில் இருக்கிறது. விமானம் என்றால் திருச்சி அல்லது மதுரை, இரண்டுமே சுமார் 90 கிலோமீட்டர்.

படி 2: தண்ணீர்

செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையை வரத்துக்கால் (மழைநீர் வரும் வாய்க்கால்) வழியாக ஊருணியில் சேர்த்து, அதைக் கொண்டே ஊரை நடத்தினார்கள். வளவின் (வீட்டின் நடுக்கட்டு) நடுவே வானம் பார்த்த முற்றம் விட்டதும், ஓட்டுக் கூரையில் வடியும் தண்ணீரை அண்டாவில் பிடித்ததும் இதனால்தான். ஊருணி நிறைந்தால் சுற்றியிருக்கும் கிணறும் ஊறும். அதனால் ஊருணிக் கரை வீடு கண்ணுக்கு மட்டும் நல்லதல்ல, கிணற்றுக்கும் நல்லது.

வீடு பார்க்கச் சித்திரை, வைகாசியில் போங்கள். மழைக்காலத்தில் எந்தக் கிணற்றிலும் தண்ணீர் இருக்கும். கோடையில் இருப்பதுதான் கணக்கு. கிணற்றை எட்டிப் பாருங்கள், உள்சுவரில் பழைய நீர்மட்டக் கறை எங்கே நிற்கிறது, தண்ணீர் இப்போது எங்கே நிற்கிறது என்று தெரியும். ஒரு வாளி இறைத்துச் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நுரை வராமல் கை பிசுபிசுத்தால் உப்புத் தண்ணீர். அடுப்படியில் வெந்நீர்ப் பாத்திரம் இருந்தால் அதன் அடியையும் பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருந்தால் குடிநீரைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். காரைக்குடி டவுனுக்குள் சம்பை ஊற்றுத் தண்ணீர் வருகிறது, அதன் ருசி ஊரறிந்தது. சுற்றியுள்ள ஊர்களில் குழாய்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், எதிர்வீட்டில் கேளுங்கள்.

இன்னொன்று: வரத்துக்காலை அடைத்து எழுந்த புது வீடுகளும் இருக்கின்றன. தரையிலிருந்து ஒரு அடி, ஒன்றரை அடி உயரத்தில் சுவர் நெடுக உப்புப் பூத்திருந்தாலோ கறைக்கோடு ஓடினாலோ, மழைக்கு அந்த வீட்டில் தண்ணீர் நின்றிருக்கிறதா என்று விசாரியுங்கள். அப்படி நின்றிருந்தால் எவ்வளவு குறைந்த வாடகைக்குத் தந்தாலும் வேண்டாம்.

படி 3: யார் வீடு?

வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். பெரிய வீடுகள் தலைமுறை தலைமுறையாகப் பங்காளிகள் பலருக்குப் பொதுவாக இருக்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் கோவையில், ஒருவர் மலேசியாவில். சாவி மட்டும் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் இருக்கும். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வாடகைக்கு விடும் உரிமை அவருக்கு இல்லை.

பங்காளி வீட்டில் ஊரோடு இருக்கும் ஆச்சியிடம் நேராகவே கேட்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

"ஆச்சி, இந்த வீட்டுக்கு எத்தனை பங்காளிங்க?"

"நாலு வீடுப்பா. எங்க பங்கு இந்த ரெண்டு அறையும் பின்கட்டும். வளவு பொது."

இந்த ஒரு பதிலில் எல்லாம் வந்துவிட்டது. நீங்கள் வாடகைக்கு எடுப்பது இரண்டு அறையும் பின்கட்டும் மட்டுமே. கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்றால் மற்ற மூன்று வீட்டாரும் வந்து வளவில் விசேஷம் நடத்துவார்கள். அது அவர்கள் உரிமை. அந்த நாட்களில் உங்களுக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

ஒத்திக்கு வருகிறதே, மாத வாடகை மிச்சமாகுமே என்று பொதுச்சொத்தில் பெரிய தொகையைக் கொடுத்துவிடாதீர்கள். எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போட்டுப் பத்திரம் பதிவானால் மட்டும் யோசிக்கலாம். புதிதாக வருபவர்களுக்கு என் யோசனை, தனி ஒருவர் பெயரில் இருக்கும் சின்ன ஓட்டு வீடோ மாடி வீடோதான்.

படி 4: ஒப்பந்தம்

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாய்ப்பேச்சு போதாது, ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், அதற்கு அரசின் இணையதளம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்க 24 மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும்.

பழுதுகளைப் பொறுத்தவரை கட்டடம், வெள்ளையடிப்பு, மின்வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச் போன்ற சில்லறை வேலைகள் நம் பொறுப்பு. ஓட்டு வீட்டுக்கு மட்டும் ஒரு வரி கூடுதலாகச் சேருங்கள்: ஓடு மாற்றும் செலவு யாருடையது, எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை. இதை எழுதாமல் விட்டால் முதல் ஒழுகலிலேயே மனஸ்தாபம் வரும்.

படி 5: கரண்ட்

மீட்டர் தனியா, பொதுவா என்று பாருங்கள். தனி மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கே கிடைக்கும். இணைப்பு எண்ணை வாங்கி, பழைய பாக்கி இல்லை என்று உறுதி செய்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.

படி 6: குடியேறிய பிறகு

தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் ஆசிட் படவே கூடாது. அது சூளையில் சுட்ட டைல்ஸ் அல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, நீரில் ஊறவைத்துச் செய்தது. ஆசிட் பட்டால் வண்ணம் வெளிறிப்போகும். ஈரத்துணியால் துடைத்து, எப்போதாவது தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேயுங்கள், நடக்க நடக்கப் பளபளப்புக் கூடும். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெருகேற்றிய சுவரில் ஆணி அடிக்காதீர்கள். சில்லு சில்லாகப் பெயர்ந்துவிடும், அதைச் சரிசெய்யத் தெரிந்த கொத்தனார் மிகச் சிலரே.

ஊருணிக்கும் ஒழுங்கு உண்டு. குடிநீர் ஊருணி என்றால் குளிப்பது, துவைப்பது, வண்டி கழுவுவது எதுவும் கூடாது. எது குடிநீர் ஊருணி, எது குளிக்கும் ஊருணி என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். தூர்வார ஊர் கூடினால் நீங்களும் போய் நில்லுங்கள். ஊர்க்காரர்களோடு பழக்கம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

ஓடு மாற்றும் ஆளுக்கு ஆவணியிலேயே சொல்லி வையுங்கள். முற்றத்து மழைநீர் வெளியேறும் தூம்பையும் அப்போதே குத்திச் சுத்தம் செய்துவிடுங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் அந்த ஆள் கிடைக்க மாட்டார், எல்லா வீட்டுக் கூரையும் ஒரே வாரத்தில் ஒழுகும்.