வாசிக்கிறான், ஆனால் புரியவில்லை: படிவம் ஒன்று, இரண்டு பிள்ளைகளுக்கு வாசிப்பு சொல்லித்தரும் முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் மாலை நேர இலவச டியூஷன் எடுக்க முன்வருகிறவர்கள் பெரும்பாலும் ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள் அல்ல. பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குக் காத்திருக்கும் ஒரு அக்கா, ஓய்வுபெற்ற ஒரு கிராணி, கோயில் நிர்வாகத்தில் இருக்கும் ஒரு அண்ணன் என்று யாராவது இருப்பார்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் முன்னால் ஏழெட்டுப் பிள்ளைகள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு மலாய் வழி இடைநிலைப்பள்ளியின் முதல் இரண்டு வகுப்புகளான படிவம் ஒன்று, இரண்டுக்குப் போனவர்கள். சிலர் இடையில் ஓராண்டு, மலாய்க்குத் தயார்ப்படுத்தும் புகுமுக வகுப்பிலும் இருந்திருப்பார்கள். பத்தியைக் கொடுத்தால் வாசித்துவிடுகிறார்கள். "என்ன படிச்சே, சொல்லு" என்றால் முழிக்கிறார்கள். 2021இல் ஆறாம் ஆண்டுத் தேர்வான யூபிஎஸ்ஆரும் மறு ஆண்டு படிவம் மூன்றின் தேர்வான பிடி3உம் கைவிடப்பட்ட பிறகு, பல வீடுகளில் இந்தச் சிக்கல் படிவம் ஐந்தின் எஸ்பிஎம் தேர்வு நெருங்கும்போதுதான் வெளியே தெரிகிறது. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

வழக்கமாக நாம் செய்வது என்ன? கருத்துணர்தல் பயிற்சி நூல் ஒன்றை வாங்கிவந்து, பத்தியை வாசிக்கச் சொல்லி, கீழே இருக்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்வோம். இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. காரணம் வேண்டுமானால் இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள்.

"டெம்போன் நேற்று லாட்டியில் ஒரு பிசுனத்தை மெவினான். பிசுனம் துகிரிவிட்டதால் அவன் நெம்மாமல் திரும்பினான்."

டெம்போன் எதை மெவினான்? பிசுனத்தை. ஏன் நெம்மாமல் திரும்பினான்? பிசுனம் துகிரிவிட்டதால். முழு மதிப்பெண்! அர்த்தமே இல்லாத சொற்கள், ஆனாலும் பதில் வந்துவிட்டது. கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வரியை அப்படியே பெயர்த்தெழுதும் வித்தையை நம் பிள்ளைகள் ஆறாண்டில் நன்றாகவே கற்றுவிடுகிறார்கள். கேள்வித்தாள் புரிதலை அளக்கலாம். கற்றுத்தராது. சில நேரம் சரியாக அளப்பதும் இல்லை.

முதல் படி: எங்கே உடைகிறது என்று பாருங்கள்

முதல் வகுப்பில் எதுவும் நடத்த வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையாகத் தனியே அழைத்து, நூறு சொல் அளவுள்ள ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் முன்னால் வேண்டாம்; பதின்மூன்று வயதில் அந்த அவமானம் பெரிது, அடுத்த வாரம் வரமாட்டான். வாசித்து முடித்ததும் தாளை வாங்கிக்கொண்டு, படித்ததைப் பேச்சு வழக்கிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம் அதே அளவு, அதே கடினத்தில் வேறொரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அதையும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டிலும் அவன் சொன்னதை ஒரு தாளில் குறித்துவையுங்கள்.

கேட்டதைச் சொல்ல முடிகிறது, தான் வாசித்ததைச் சொல்ல முடியவில்லை என்றால் சிக்கல் எழுத்தில். எழுத்துக்கூட்டவே மூளையின் சக்தி முழுவதும் போய்விடுகிறது. கேட்டாலும் சொல்ல முடியவில்லை என்றால் சிக்கல் சொற்களிலும் விஷயத்திலும். கோஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் கேட்டுப் புரியும் திறனையும் பெருக்கினால் வருவது வாசித்துப் புரியும் திறன். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம்.

இதே சோதனையை மலாயிலும் செய்யுங்கள். சரித்திரப் பாடநூலில் ஒரு பத்தி போதும். நம் பிள்ளைகளில் பலருக்கு இரண்டு மொழியிலும் இரண்டு விதச் சிக்கல் இருக்கும். மலாய் எழுதும் ரூமி (ஆங்கில) எழுத்து எளிது, மடமடவென்று வாசித்துவிடுவார்கள், பொருள்தான் தெரியாது. தமிழில் கேட்டால் புரியும், எழுத்தில் தடுக்கும். ஒரே பிள்ளைக்கு இரண்டு மருந்து தேவைப்படலாம்.

இன்னொன்று. தாளைக் கண்ணருகே கொண்டுபோகிற பிள்ளை இருந்தால், பாடத்துக்கு முன் கண்ணாடிக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி வீட்டில் பேசுங்கள்.

இரண்டாம் படி: பனுவலைத் தேர்ந்தெடுப்பது

வாசிப்பில் பின்தங்கிய பதின்மூன்று வயதுப் பையனிடம் முயலும் ஆமையும் கதையை நீட்டாதீர்கள். மொழி எளிதாக இருக்கலாம், விஷயம் அவன் வயதுக்கு இருக்க வேண்டும். காற்பந்துச் செய்தி, உரமூட்டையில் இருக்கும் எச்சரிக்கை, மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் விதிமுறை, எல்லாமே பனுவல்தான்.

ஊர்க்கதைகளும் இருக்கின்றன. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்றவை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், இதே ஊரில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அப்படியே. அவர் பெயரைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பத்தியில் பாதி விஷயம் முன்பே தெரியும்.

அது சலுகை இல்லை, வழிமுறை. ரெக்ட், லெஸ்லி என்ற ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட ஆய்வில் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களில் ஆட்டம் தெரிந்தவர்கள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களை விஞ்சிவிட்டார்கள். ஆகவே தெரிந்த விஷயத்திலிருந்து தொடங்கி, தெரியாததற்குப் போங்கள். வாசிக்கத் தொடங்குமுன், "இதைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று ஐந்து நிமிடம் பேசவிடுவதும் இதற்காகத்தான்.

மூன்றாம் படி: எழுத்தில் தடுக்கிறவர்களுக்கு

ஒரே பத்தியை மூன்று நான்கு முறை சத்தமாக வாசிக்க வைப்பதுதான் எளிய வழி. சாமுவல்ஸ் என்பவர் 1979இல் எழுதிக் காட்டிய முறை இது, இன்றும் பயன்படுகிறது. இரண்டு இரண்டு பேராக உட்காரவையுங்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் நேரம் பார்க்கட்டும். நாலாவது முறை தானாகவே வேகம் கூடும், முகத்திலும் தெரியும்.

தமிழில் கூடுதலாக ஒரு வேலை உண்டு: சேர்ந்து நீளும் சொற்களைப் பிரிப்பது. "வந்திருக்கவில்லையென்றாலும்" என்பதை ஒரே சொல்லாகப் பார்த்துப் பிள்ளை மிரள்கிறான். பென்சிலால் கோடு போட்டு வந்து / இருக்கவில்லை / என்றாலும் என்று பிரித்தால் ஒவ்வொன்றும் அவனுக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொரு பத்தியிலும் இப்படிப் பத்துச் சொல்லைப் பிரிக்கவிடுங்கள். ல ள ழ உச்சரிப்பை இப்போது திருத்திக்கொண்டிருக்க வேண்டாம், வாசிப்பின் ஓட்டம் கெடும்.

நான்காம் படி: நீங்கள் புரிந்துகொள்வதை வாய்விட்டுச் சொல்லுங்கள்

நன்றாக வாசிக்கிறவர் தலைக்குள் என்ன நடக்கிறது என்பது பிள்ளைக்குத் தெரியாது. அதைக் காட்ட வேண்டும். கீழே ஒரு பத்தி தருகிறேன். அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம்.

"1876இல் பிரேசிலிலிருந்து இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்ட சுமார் எழுபதாயிரம் ரப்பர் விதைகளுள் சில ஆயிரமே முளைத்தன. அவற்றிலிருந்து வளர்ந்த கன்றுகளுள் 22 மறு ஆண்டு சிங்கப்பூர் வந்துசேர்ந்தன. சில கோலகங்சாரில் நடப்பட்டன. 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை உருவாக்கினார். எனினும், காப்பி பயிரிட்டுவந்த தோட்டக்காரர்கள் அவர் பேச்சைக் காதில் வாங்கவில்லை. காப்பி விலை சரிந்த பிறகே அவர்கள் ரப்பர் பக்கம் திரும்பினர்."

முதல் வாக்கியத்தைப் பாருங்கள். தமிழில் வினை கடைசியில் வரும். அதற்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் அடுக்கலாம். தடுமாறும் பிள்ளை, வாக்கியத்தின் வால் வருவதற்குள் தலையை மறந்துவிடுகிறான். அதனால் வாலைப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாய்விட்டு இப்படிச் சொல்லலாம்: "கடைசியில் 'முளைத்தன'ன்னு இருக்கு. எது முளைத்தது? சில ஆயிரம். சில ஆயிரம் என்ன? விதை. எந்த விதை? பிரேசிலிலிருந்து கொண்டுபோனது. சரி, எழுபதாயிரத்தில் சில ஆயிரம்தானா? அப்போ மிச்சமெல்லாம் வீணாப் போயிருக்கு."

கடைசி வரி பத்தியில் இல்லை. நீங்களாகச் சேர்த்தது. அதைத்தான் பிள்ளை பார்க்க வேண்டும்.

அடுத்து சுட்டுச் சொற்கள். "அவற்றிலிருந்து" என்றால் எவற்றிலிருந்து? "அவர் பேச்சை" என்றால் யார் பேச்சை? "அவர்கள்" யார்? ஒவ்வொன்றிலிருந்தும் அது குறிக்கும் சொல்லுக்கு அம்புக்குறி போடச் சொல்லுங்கள். சின்ன வேலைதான். ஆனால் மலாய்ப் பனுவலிலும் தமிழ்ப் பனுவலிலும் பாதிக் குழப்பம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

ஐந்தாம் படி: வேலையை அவர்கள் கையில் கொடுங்கள்

இதுதான் முக்கியமான படி, அதிக நாள் இதில்தான் செலவாகும். அமெரிக்காவில் பாலின்சார், பிரவுன் என்ற இருவர் 1984இல் வெளியிட்ட முறை. அவர்கள் எடுத்துக்கொண்டதும் நம் பிள்ளைகளைப் போன்றவர்களைத்தான்: எழுத்து வாசிக்க வரும், பொருள் மட்டும் பிடிபடாத ஏழாம் வகுப்பு மாணவர்கள்.

நான்கு பேர் கொண்ட குழு. நான்கு வேலை. ஒருவர் அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கிறார். ஒருவர் புரியாத இடத்தைக் கண்டுபிடித்துத் தெளிவாக்குகிறார். ஒருவர் கேள்வி கேட்கிறார். ஒருவர் பத்தியைச் சுருக்கிச் சொல்கிறார். அடுத்த பத்திக்கு வேலை மாறும். முதல் சில வகுப்புகளில் நான்கையும் நீங்களே செய்து காட்டி, பிறகு ஒவ்வொன்றாக விட்டுக்கொடுங்கள். நீங்கள் பேசுவது குறையக் குறைய வகுப்பு சரியாக நடக்கிறது என்று பொருள்.

கேள்வி கேட்பவர் தொடக்கத்தில் "எத்தனை கன்று வந்தது?" என்றுதான் கேட்பார். பரவாயில்லை. அது வரியிலேயே பதில் இருக்கும் கேள்வி. இரண்டாவது வகை, வரிகளைச் சேர்த்தால் பதில் வருவது: "ரிட்லி வந்தபோது கன்றுகள் சிங்கப்பூர் வந்து எத்தனை ஆண்டு ஆகியிருந்தது?" வந்தது 1877, ரிட்லி வந்தது 1888, ஆக பதினோரு ஆண்டு. பத்தியில் 1877 என்ற எண்ணே இல்லை என்பதைக் கவனியுங்கள், "மறு ஆண்டு" என்றுதான் இருக்கிறது. மூன்றாவது வகைக்குப் பத்தியும் வேண்டும், பிள்ளையின் தலையில் இருப்பதும் வேண்டும்: "தோட்டக்காரர்கள் ஏன் ரிட்லி பேச்சைக் கேட்கவில்லை?"

இந்த மூன்றாவது கேள்வியில் தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு கை மேலே. ரப்பர் கன்று நட்டால் பால் வெட்ட ஆறேழு ஆண்டாவது ஆகும் என்பது தாத்தா பாட்டி பேச்சில் அவன் காதில் விழுந்திருக்கும். கையில் காசு தரும் காப்பியை விட்டுவிட்டு அத்தனை ஆண்டு யார் காத்திருப்பார்? இதை ஒரு பிள்ளை தானாகச் சொன்னால், உடனே "சரி" என்று முடித்துவிடாதீர்கள். "பத்தியில் எந்த வரி உனக்கு அப்படி நினைக்க வைத்தது?" என்று கேளுங்கள். சும்மா அடித்துவிடுவதற்கும் ஊகிப்பதற்கும் உள்ள வேறுபாடு அங்கே விளங்கும்.

"மரத்தைக் கொல்லாமல்" என்ற சொற்றொடரையும் விடாதீர்கள். அப்படியென்றால் அதற்கு முன் எப்படி எடுத்திருப்பார்கள்? யாராவது ஒருவன் கேட்பான், கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

சுருக்குபவருக்கு ஒரே விதி: தாளைக் கவிழ்த்துவிட்டு இரண்டு வாக்கியம். தாளைப் பார்த்தால் பெயர்த்தெழுதல் திரும்ப வந்துவிடும். பேச்சுத் தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு எழுத்துத் தமிழுக்கு மாற்றட்டும்.

ஆறாம் படி: சொற்கள்

ஒரு பத்திக்கு நான்கைந்து போதும். "தாவரவியல்" போன்றதை நீங்களே சொல்லிவிட்டு நகருங்கள். எல்லாப் பாடத்திலும் திரும்பத் திரும்ப வரும் எனினும், ஆகவே, ஏனெனில், விளைவு போன்றவற்றில் நேரம் செலவிடுங்கள். மலாயில் நமுன், ஓலே இத்து, கெரானா என்று தினமும் பள்ளியில் பார்ப்பவைதான் அவை. பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். "எனினும்" வந்தால் கதை திரும்பப்போகிறது என்று தெரிந்தவன் ஊகிக்கும் வேலையில் கெட்டிக்காரனாகிவிடுவான்.

ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது

வாரம் இரண்டு மாலை என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்து நிமிடம் போன வாரப் பத்தியை இரண்டு பேராக மறுவாசிப்பு. ஐந்து நிமிடம் புதுப் பத்தியின் விஷயம் பற்றிப் பேச்சு. பத்து நிமிடம் நீங்கள் வாய்விட்டு யோசித்தபடி வாசிப்பது. இருபத்தைந்து நிமிடம் குழு வேலை. மிச்சப் பத்து நிமிடத்தில் கைப்பேசியைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டு வாக்கியச் சுருக்கத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். எழுத்தில் தடுக்கும் பிள்ளைகள் பாதிக்கு மேல் இருந்தால், குழு வேலையில் பத்து நிமிடத்தை எடுத்து மறுவாசிப்புக்குக் கொடுங்கள்.

பள்ளித் தவணை முடியும்போது முதல் படியின் சோதனையைப் புதுப் பத்திகளோடு மறுபடி செய்யுங்கள். திருப்பிச் சொல்வது அப்படியும் நகராத பிள்ளை இருந்தால், இரண்டு சோதனையிலும் குறித்துவைத்த தாள்களை எடுத்துக்கொண்டு பெற்றோருடன் போய் அவனுடைய பள்ளி ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். வெறுமனே "படிக்கவே மாட்டேங்கிறான்" என்று போய்ச் சொல்வதைவிட, எந்த இடத்தில் தடுக்கிறது என்று காட்டினால் அவர்களால் ஏதாவது செய்ய முடியும்.