நீரில் சலவைப்பொருள் எச்சத்தை அளத்தல்: மெத்திலீன் நீல முறை

சலவைப்பொருளில் அழுக்கை அகற்றும் எதிர்மின் சர்ஃபாக்டன்டுகள் (எதிர்மின்னூட்டம் கொண்ட பரப்பு இழுவிசைக் குறைப்பிகள்) மெத்திலீன் நீலம் என்ற சாயத்துடன் இணைந்து குளோரோஃபார்மில் கரையும் நீல இணையாக மாறுவதே இம்முறையின் அடிப்படை. பிரிபுனலில் எடுத்த நீர் மாதிரியைப் பீனாப்தலீன் என்ற நிறங்காட்டி இளஞ்சிவப்பாகும் வரை காரமாக்கி, அந்நிறம் மறையுமளவு மட்டும் நீர்த்த கந்தக அமிலம் சேர்த்தபின், குளோரோஃபார்மையும் சாயத்தையும் ஊற்றிக் குலுக்க வேண்டும். வேகமாகக் குலுக்கினால் இரு திரவங்களும் நுண்துளிகளாய்க் கலந்த பால்மம் உருவாகி அடுக்குகள் பிரியாமல் நின்றுவிடும். இங்கே பொறுமைதான் கருவி. அடியில் தங்கும் குளோரோஃபார்மை வடித்து, பிரித்தெடுப்பை மேலும் இருமுறை செய்து, கழுவுகரைசலால் கழுவி, 652 நானோமீட்டரில் ஒளி உட்கவர்வை அளந்து, நேர்கோட்டு அல்கைல்பென்சீன் சல்போனேட்டு என்ற எதிர்மின் சர்ஃபாக்டன்டின் அளவு தெரிந்த தரக்கரைசல்களின் வரைபடத்துடன் ஒப்பிடவும்.

குளோரைடும் நைட்ரேட்டும் அளவை உயர்த்திக் காட்டும். நேர்மின் சர்ஃபாக்டன்டுகள் குறைத்துக் காட்டும். கண்ணாடிக் கலன்களைச் சலவைத்தூளால் கழுவவே கூடாது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 ஏற்கும் வரம்பு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்தான் என்பதால், கலனில் ஒட்டிய எச்சமே முடிவைப் பொய்யாக்கிவிடும். குளோரோஃபார்ம் நச்சாதலால், வேலை முழுவதும் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் புகைபோக்கி அறைக்குள்ளேயே நடக்கட்டும்.